பம்ப் டெஸ்ட் பெஞ்ச கம்ப்யூட்டருக்கு மாத்தணுமா? சாஃப்ட்வேர் எத எடுக்கறது, வேலைய யார்கிட்ட குடுக்கறது

கோயம்புத்தூர்ல பம்ப் கம்பெனிங்க நிறைய பேர் இன்னும் டெஸ்ட் பெஞ்சுல (பம்ப ஓட்டிப் பாத்து அளக்கற மேடை) ஒரு ஆள் நின்னு கேஜ பாத்து ரெஜிஸ்டர்ல எழுதி, அப்புறம் ஆபீஸ்ல வேற ஒருத்தர் அத எக்ஸெல்ல அடிச்சு கர்வ் (ஃப்ளோ மாறுறப்போ ஹெட்டும் பவரும் எப்படி மாறுதுங்கற கிராஃப்) போட்டு எடுக்குற மாதிரிதான் ஓட்டிட்டு இருக்காங்க. இப்போ ஐஎஸ்ஐ மார்க்குக்கும் பிஇஇ ஸ்டார் லேபிளுக்கும் ரெக்கார்ட் சுத்தமா வேணும்ங்கறதால எல்லாரும் ஆட்டோமேட்டிக்கா ரீடிங் எடுக்கற மாதிரி மாத்தலாம்னு பாக்கறாங்க. அப்போ மொத கேள்வியே "லேப்வியூல பண்ணலாமா, பைத்தான்ல பண்ணலாமா, எவ்வளவு ஆகும்"னுதான் வரும் (லேப்வியூ அளக்கற வேலைக்குன்னே இருக்கற சாஃப்ட்வேர், பைத்தான் ஒரு பொதுவான புரோகிராமிங் மொழி). ரெண்டாவது கேள்வி "நல்ல ஆள் யாராவது தெரியுமா". இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் வேணும்னா அதுக்கு முன்னாடி வேற சில விஷயம் முடிவாகணும், அத மொதல்ல சொல்லிடறேன். பம்ப உதாரணமா எடுத்துக்கறேன், ஆனா வால்வு, மோட்டார், ஸ்பிரிங், கேஸ் ஸ்டவ்னு எத அளக்கற பெஞ்சா இருந்தாலும் வழி இதேதான்.

ஒரு பக்கம் எழுதாம யாருக்கும் போன் பண்ணாதீங்க

ஒரு ஏ4 தாள எடுத்துக்கங்க. என்னென்ன அளக்கணும், ஒவ்வொண்ணும் எதுல இருந்து எது வரைக்கும் போகும், எவ்வளவு துல்லியமா வேணும், ஒரு செகண்டுக்கு எத்தன ரீடிங் வேணும், கடைசில அந்த நம்பர வச்சு யார் என்ன முடிவு எடுக்கப் போறாங்க, இவ்வளவுதான். இந்தக் கடைசி விஷயத்த யாருமே எழுத மாட்டாங்க, ஆனா அதுதான் மத்த எல்லாத்தையும் தீர்மானிக்குது. பம்ப் பாஸா ஃபெயிலான்னு மட்டும் பாக்கறதுக்கும், டிசைன் டிபார்ட்மென்ட் இம்பெல்லர (பம்புக்குள்ள சுத்துற சக்கரம்) மாத்தி ரெண்டு பர்சென்ட் எஃபிஷியன்சி ஏறிச்சான்னு பாக்கறதுக்கும் வேண்டிய கருவியே வேற.

துல்லியம்னு சொன்னா நிறைய பேர் "எவ்வளவு நல்லா முடியுமோ அவ்வளவு"ன்னு எழுதிடறாங்க, அது வேலைக்கு ஆகாது, நம்பர் போடணும். ஒரு கணக்கு பாருங்க. செகண்டுக்கு 10 லிட்டர் தண்ணி, 30 மீட்டர் ஹெட், அதாவது தண்ணிய 30 மீட்டர் உயரம் ஏத்தற அளவு அழுத்தம். தண்ணிக்கு போற பவர் 1000 × 9.81 × 0.01 × 30, அதாவது 2943 வாட். மோட்டார் இழுக்கறது 5 கிலோவாட்டுன்னா மொத்த எஃபிஷியன்சி 59 பர்சென்ட் பக்கம் வரும். இப்போ ஃப்ளோ மீட்டர்ல 1 பர்சென்ட் தப்பு, ஹெட்ல அரை பர்சென்ட், பவர்ல அரை பர்சென்ட் இருக்குன்னு வைங்க, மூணையும் ஸ்கொயர் பண்ணி கூட்டி ரூட் எடுத்தா 1.2 பர்சென்ட் வருது. அப்போ அந்த 59ல முக்கால் பாயின்ட் இப்படியும் போகலாம் அப்படியும் போகலாம். இத வச்சுக்கிட்டு ஸ்கிரீன்ல 58.86னு ரெண்டு டெசிமல் காட்டறதுல ஒரு அர்த்தமும் இல்ல, எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் இது மாறாது.

இன்னொரு இடத்துலயும் பணம் வீணாகுது. பிரஷர் டிரான்ஸ்மிட்டர் (அழுத்தத்த அளந்து சிக்னலா அனுப்பற சென்சார்) கேட்லாக்ல 0.25 பர்சென்ட்னு போட்டிருக்கும், அது பெரும்பாலும் ஃபுல் ஸ்கேல்ல, அதாவது அது அளக்கற உச்ச அளவுல 0.25 பர்சென்ட். 10 பார் டிரான்ஸ்மிட்டர் வாங்கிட்டீங்கன்னா எந்த ரீடிங்லயும் 0.025 பார் தப்பு இருக்கலாம். உங்க பம்ப் 30 மீட்டர், அதாவது 2.94 பார்தான் குடுக்குதுன்னா அந்த 0.025ங்கறது ரீடிங்ல 0.85 பர்சென்ட் ஆயிடுது. அதே கம்பெனியோட 4 பார் டிரான்ஸ்மிட்டர் போட்டா 0.34 பர்சென்ட்தான். விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். பெஞ்சுல சின்ன பம்பும் பெரிய பம்பும் ரெண்டும் ஓடும்னா ஒரே டிரான்ஸ்மிட்டர வச்சு சமாளிக்காம ரெண்டு ரேஞ்சுல ரெண்டு வச்சு வால்வு போட்டு மாத்திக்கறது நல்லது.

வேகம்னு பாத்தா பம்ப் பெஞ்ச் ரொம்ப மெதுவான விஷயம். வால்வ திருப்பி, ஃப்ளோ நிலைச்சு, அப்புறம் ரீடிங், செகண்டுக்கு 10 தடவ எடுத்து சராசரி போட்டா தாராளம். அந்த ஒவ்வொரு ரீடிங்கையும் ஒரு நொடிப்பொழுதுல எடுக்காம, 20 மில்லி செகண்டோட முழு மடங்கு நேரத்துக்கு கருவியே சராசரி போட்டு குடுக்கற மாதிரி வைங்க, நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ங்கறதால அந்த இரைச்சல் அப்படியே அடிபட்டுப் போயிடும். ஆனா மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்போ கரண்ட் எப்படி ஏறி இறங்குதுன்னு பாக்கணும், வைப்ரேஷன் பாக்கணும்னு ஆசைப்பட்டா செகண்டுக்கு ஆயிரக்கணக்குல சாம்பிள் வேணும், அப்போ கார்டும் (சென்சார் சிக்னல கம்ப்யூட்டருக்கு நம்பரா மாத்திக் குடுக்கறது) வேற, சாஃப்ட்வேரும் வேற, ஆளும் வேற. இந்த ஒரு வரிய எழுதாம விட்டுட்டு பாதி வேலை முடிஞ்சப்புறம் "அப்படியே ஸ்டார்ட்டிங் கரண்டும் காட்டிடுங்களேன்"னு கேட்டாத்தான் சண்டையே ஆரம்பிக்குது.

சாஃப்ட்வேருக்கு முன்னாடி கருவி எப்படி பேசுதுன்னு பாருங்க

கருவி பொதுவா தெரிஞ்ச ஒரு முறையில பேசுச்சுன்னா சாஃப்ட்வேர் எது வேணா இருக்கலாம், நாளைக்கு மாத்திக்கவும் செய்யலாம். அந்தக் கம்பெனியோட சொந்த டிரைவர் இருந்தாத்தான் பேசும்னா நீங்க அவங்ககிட்ட மாட்டிக்கிட்டீங்க, விண்டோஸ் மாறுற அன்னிக்கு கருவி பேசாம போயிடும். அதனால பவர் அனலைசர்ல, ஃப்ளோ மீட்டர்ல மாட்பஸ் (ஃபேக்டரி கருவிங்க ஒண்ணோட ஒண்ணு பேசற பொது முறை) இருக்கான்னு கேளுங்க. 1979ல மோடிகான் கம்பெனி அவங்க பிஎல்சிக்காக (மெஷின ஓட்டற ஃபேக்டரி கன்ட்ரோலர்) கொண்டு வந்தது, இன்னிக்கும் ஃபேக்டரில எல்லா மூலையிலயும் இருக்கு. எந்த ரீடிங் எந்த நம்பர்ல கிடைக்கும்னு சொல்ற ரெஜிஸ்டர் மேப் டாகுமென்ட்ட, கருவி வாங்கறதுக்கு முன்னாடியே பிடிஎஃப்ஆ அனுப்பச் சொல்லுங்க. அனுப்ப யோசிக்கிறவங்ககிட்ட வாங்காதீங்க. லேப் மாதிரியான மீட்டர், பவர் சப்ளைன்னா ஸ்கிபி கமாண்ட் சப்போர்ட் இருக்கான்னு பாருங்க, அதுவும் 1990ல இருந்து இருக்கற பொது முறை.

சென்சார்ல இருந்து வர சிக்னல் முடிஞ்ச வரைக்கும் 4–20 மில்லி ஆம்பா இருக்கட்டும். பம்ப் பெஞ்ச் பக்கத்துல விஎஃப்டி (மோட்டார் வேகத்த மாத்தற கருவி) ஓடுறப்போ 0–10 வோல்ட் சிக்னல் ஆடுற ஆட்டத்த எந்த புரோகிராமராலயும் ஃபில்டர் போட்டு முழுசா சரி பண்ண முடியாது. சிக்னல் கேபிள பவர் கேபிளோட ஒரே டிரேல போடாதீங்க, ஷீல்ட ஒரு பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்க. 4–20ல இன்னொரு நன்மை, வயர் அறுந்துட்டா 0 மில்லி ஆம்ப் ஆயிடும், 4க்கு நல்லா கீழ போனா வயர்ல கோளாறுன்னு சாஃப்ட்வேரே சொல்லிடலாம். 0–10 வோல்ட்ல 0 வந்தா பிரஷர் இல்லையா வயர் இல்லையான்னு தெரியாது.

கார்டு எத்தன பிட்டுன்னு ரொம்ப கவலப்பட வேண்டாம். 4–20 மில்லி ஆம்ப 250 ஓம் ரெசிஸ்டர் வழியா விட்டா 1ல இருந்து 5 வோல்ட் கிடைக்கும். 10 வோல்ட் ரேஞ்ச் இருக்கற சாதாரண 12 பிட் கார்டுலயே இந்த 4 வோல்ட்டுக்கு 1638 படி வரும், அதாவது 0.06 பர்சென்ட். சென்சாரே 0.25ங்கறப்போ 24 பிட் கார்டுக்கு காசு குடுக்கறது எதுக்கு? அந்தக் காச நல்ல ஃப்ளோ மீட்டர்ல போடுங்க. லோட் செல் (எடைய, விசைய அளக்கற சென்சார்) மட்டும் விதிவிலக்கு, அது 10 வோல்ட் குடுத்தா முழு லோடுக்கும் 20 மில்லி வோல்ட் பக்கம்தான் திருப்பிக் குடுக்கும், அதுக்கு தனி பிரிட்ஜ் மாட்யூல் கட்டாயம் வேணும்.

இப்போ சாஃப்ட்வேருக்கு வருவோம்

எது பெஸ்ட்டுன்னு கேக்காதீங்க. மூணு வருஷம் கழிச்சு இத யார் தொறந்து பாத்து மாத்தப் போறாங்கன்னு கேளுங்க. உங்க மெயின்டனன்ஸ்ல இருக்கற பையன் பிஎல்சி லேடர் (பிஎல்சிக்கு புரோகிராம் எழுதற முறை) தெரிஞ்சவர்னா பிஎல்சியும் ஹெச்எம்ஐயும் (ஆபரேட்டர் பாக்கற பேனல் ஸ்கிரீன்) போட்டு முடிக்கறதுதான் புத்திசாலித்தனம், ரெக்கார்டுக்கு சிஎஸ்வி ஃபைல் (எக்ஸெல்ல தொறக்கற சாதாரண டேபிள்) மட்டும் எடுத்துக்கலாம். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பிஎல்சி ஆள் தேடினா ராத்திரி பத்து மணிக்கும் கிடைப்பாங்க, அது சின்ன விஷயம் இல்ல. கர்வ் வரையறது, ரிப்போர்ட் போடறது, பழைய டேட்டாவோட ஒப்பிட்டுப் பாக்கறதெல்லாம் பிஎல்சில கஷ்டம், அத எக்ஸெல்லயோ தனியா ஒரு சின்ன புரோகிராம்லயோ வச்சுக்கலாம்.

வெறும் ரீடிங் மட்டும்தான், கன்ட்ரோல் ஒண்ணும் இல்லன்னா ரெடிமேட் டேட்டா லாகர வாங்கிட்டு அதோட வர சாஃப்ட்வேரயே யூஸ் பண்ணுங்க. புரோகிராம் எழுதாமலே வேலை முடியற இடத்துல புரோகிராம் எழுத வேண்டியதில்ல. இத சொல்ற கான்ட்ராக்டர் கிடைச்சா விட்றாதீங்க, தனக்கு வர வேலைய குறைச்சு சொல்றவர் நேர்மையானவர்.

லேப்வியூ 1986ல மேக்குக்கு வந்தது, நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியோடது, 2023ல அந்தக் கம்பெனிய எமர்சன் வாங்கிட்டாங்க. அளக்கற வேலைக்குன்னே பொறந்த சாஃப்ட்வேர்ங்கறதால அவங்க கார்டோட சேத்து போட்டா ஒரே நாள்ல ஸ்கிரீன்ல வேவ் ஓடிடும், நிறைய சேனல், வேகமான சாம்பிளிங், ட்ரிகர்னு வந்தா இன்னிக்கும் அதுக்கு நிகர் குறைவு. ஆனா லைசென்ஸ் விலை உண்டு, விக்கற முறையும் மாறிட்டே இருக்கு. 2022ல வருஷ சந்தாவுக்கு மாத்தினாங்க, அதனால கொட்டேஷன் வாங்கறப்போ வருஷா வருஷம் கட்டணுமா, கட்டலன்னா என்ன நிக்கும்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. ஈஎக்ஸ்ஈயா மாத்தி ஓட்டறதுக்கு ரன்டைம் இலவசம்தான், திருத்தணும்னா மட்டும்தான் முழு லைசென்ஸ். இலவசமா கிடைக்கற கம்யூனிட்டி எடிஷன் வியாபாரத்துக்கு யூஸ் பண்ணக் கூடாதுன்னு அவங்க விதியிலயே இருக்கு. அதுல பண்ணிக் குடுக்கறேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க, மாட்டினா கான்ட்ராக்டர் மட்டும் இல்ல, ஃபேக்டரியும் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

பைத்தானுக்கு லைசென்ஸ் காசு இல்ல, காலேஜ்ல இருந்து வர எல்லா பசங்களுக்கும் தெரியுது, மாட்பஸுக்கும் ஸ்கிபிக்கும் லைப்ரரி இருக்கு, நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கார்டுக்கே அவங்களே பைத்தான் லைப்ரரி குடுக்கறாங்க. பம்ப் பெஞ்ச் மாதிரி மெதுவான வேலைக்கு நான் முதல்ல நினைக்கறது இதத்தான். பிரச்சின எங்க வருதுன்னா தெரிஞ்சவங்க நிறைய, ஒழுங்கா எழுதறவங்க குறைவு. லைப்ரரி வெர்ஷன் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல எழுதி வைக்காம விட்டா அடுத்த கம்ப்யூட்டர்ல போட்டதும் ஓடாது. ஸ்கிரீன் வரையற லைப்ரரியா பைக்யூட்டி போட்டா அதோட ஜிபிஎல் லைசென்ஸ் விதி (வெளிய குடுத்தா சோர்ஸும் குடுக்கணும்ங்கறது) ஒட்டிக்கும், இல்லன்னா காசு கட்டணும். நீங்க டெஸ்ட் பெஞ்ச வெளிய விக்கிறவங்கன்னா அதே மாதிரி லைப்ரரியான பைசைட் போடச் சொல்லுங்க, அது எல்ஜிபிஎல்ங்கற தளர்வான லைசென்ஸ், சிக்கல் குறைவு.

சி ஷார்ப் தெரிஞ்ச ஆள் கம்பெனிலயே இருந்தா அதுவும் தப்பில்ல. மேட்லேப் டிசைன் டிபார்ட்மென்ட்டுக்கு சரி, ஷாப் ஃப்ளோருக்கு வேண்டாம்.

எந்த சாஃப்ட்வேர் எடுத்தாலும் ஒண்ணு கண்டிப்பா மனசுல வைங்க. எமர்ஜென்சி ஸ்டாப், ஓவர் பிரஷர் கட், டிரை ரன் கட் (தண்ணி இல்லாம ஓடினா நிறுத்தறது) இதெல்லாம் விண்டோஸ் கம்ப்யூட்டர் மேல விடவே கூடாது. விண்டோஸ் அது பாட்டுக்கு அப்டேட் ஆயிட்டு இருக்கும், மவுஸ் கர்சர் சுத்திட்டு இருக்கும், அந்த நேரத்துல பைப் வெடிச்சா கை கால் போறது ஆபரேட்டருக்கு. அத வயர்லயே, கான்டாக்டர், பிரஷர் ஸ்விட்ச் வழியா கட் ஆகற மாதிரி போட்டுட்டு, கம்ப்யூட்டர் அத பாத்து சொல்ற வேலைய மட்டும் செய்யட்டும்.

ஆள் பிடிக்கறது

கொட்டேஷன் மூணு வாங்கி கம்மியா இருக்கறத எடுக்கறதுதான் வழக்கம். அதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும் பெஞ்ச் பக்கத்துல கூட்டிட்டுப் போங்க, ஆபீஸ்ல உக்கார வச்சு பேசாதீங்க. பெஞ்ச பாத்ததும் அவர் என்ன கேக்கறார்னு கவனிங்க. ஸ்கிரீன் எப்படி வேணும், லோகோ எங்க வரணும், மொபைல்ல பாக்கணுமான்னு ஆரம்பிச்சா அவர் சாஃப்ட்வேர் ஆள், அளவு ஆள் இல்ல. ஃப்ளோ மீட்டருக்கு முன்னாடி பின்னாடி நேர் பைப் எவ்வளவு இருக்கு, பிரஷர் டேப்பிங் ஃப்ளாஞ்சுல இருந்து ரெண்டு விட்டம் தள்ளி இருக்கா, எர்த் எப்படி, விஎஃப்டி எங்கன்னு கேட்டா நல்ல அறிகுறி.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: டோட்டல் ஹெட் எப்படி கணக்கு போடுவீங்க? டெலிவரி பிரஷர்ல இருந்து சக்ஷன் பிரஷர கழிச்சிடுவேன்னு மட்டும் சொன்னா பத்தாது. 65க்கு 50 பம்ப (தண்ணி உள்ள வர சக்ஷன் பைப் 65 மில்லி மீட்டர், வெளிய போற டெலிவரி பைப் 50) எடுத்துக்கங்க. செகண்டுக்கு 10 லிட்டர் போறப்போ 65 மில்லி சக்ஷன் பைப்புல தண்ணி செகண்டுக்கு 3 மீட்டர் வேகத்துல போகுது, 50 மில்லி டெலிவரில 5.1 மீட்டர் வேகத்துல. இந்த வேக வித்தியாசத்துக்கான ஹெட் மட்டுமே 0.86 மீட்டர். 30 மீட்டர்ல அது 2.9 பர்சென்ட். ரெண்டு கேஜுக்கும் உயர வித்தியாசம் அரை மீட்டர் இருந்தா அதுவும் சேரணும். இத விட்டுட்டு எழுதின புரோகிராம் நல்ல பம்ப ஃபெயில்னு சொல்லும், உங்க டிசைனர் ஒரு மாசம் இம்பெல்லர போட்டு நோண்டிட்டு இருப்பார். வெலாசிட்டி ஹெட், கேஜ் உயரம், ரீடிங்க பம்போட ரேட்டட் ஸ்பீடுக்கு (பம்புக்குன்னு குறிச்ச வேகம்) மாத்தறது, இந்த மூணையும் அவரா சொன்னா பாதி நம்பிக்கை வந்துடும். பம்ப் தெரியாட்டியும் பரவாயில்ல, "எனக்குத் தெரியல, பம்ப் டெஸ்ட் ஸ்டாண்டர்ட் காட்டுங்க, ஐஎஸ்ஓ 9906 படிச்சுட்டு வரேன்"னு சொல்றவர நான் எடுத்துப்பேன். தெரிஞ்ச மாதிரி தலையாட்டறவரதான் எடுக்கக் கூடாது.

பழைய வேலைய காட்டச் சொல்லுங்க. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், புரோகிராம தொறந்து காட்டச் சொல்லுங்க. மத்த கம்பெனி ரகசியம் இருக்குன்னு சொன்னா நியாயம்தான், அப்போ அவர் சொந்தமா எழுதின சின்ன புரோகிராம் ஏதாவது காட்டட்டும். "இதுல பிரஷர் டிரான்ஸ்மிட்டர 10 பார்ல இருந்து 4 பாருக்கு மாத்தினா எங்க திருத்தணும்"னு கேளுங்க. நல்லா எழுதினவர் உடனே ஒரு செட்டிங் ஃபைல தொறந்து ஒரே இடத்துல காட்டுவார். புரோகிராமுக்குள்ள நாலு இடத்துல 0.625, 10, 16னு நம்பர தேடிட்டு இருந்தார்னா அதே மாதிரிதான் உங்களுக்கும் எழுதிக் குடுப்பார், காலிபிரேஷன் முடிஞ்சு ஒவ்வொரு தடவையும் அவருக்குப் போன் பண்ணணும். இத பாத்து புரிஞ்சுக்க உங்களுக்கு புரோகிராமிங் தெரிய வேண்டியதில்ல.

லேப்வியூ ஆளுன்னா சிஎல்டி (லேப்வியூ டெவலப்பர் பரிச்ச) மாதிரி சர்ட்டிஃபிகேட் இருக்கான்னு கேக்கலாம், இருந்தா அடிப்படை தெரியும்னு அர்த்தம், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. தனி ஆளா கம்பெனியான்னா, தனி ஆள் விலை கம்மி, பேசறவரே எழுதறவரா இருப்பார், ஆனா அவருக்கு வெளிநாட்டு வேலை கிடைச்சா போச்சு. கம்பெனின்னா வந்து பேசற சீனியர் ஒருத்தர், எழுதறது நேத்து சேந்த பையனா இருக்கும், அதனால எழுதப் போறவர் யாருன்னு கேட்டு அவரையும் பெஞ்சுக்கு வரச் சொல்லுங்க. காலேஜ் புராஜெக்டா பண்ணிக்கலாம்ங்கற யோசனைக்கு என்னோட பதில், பசங்கள சேத்துக்கங்க, அவங்களுக்கும் நல்ல அனுபவம், ஆனா புரொடக்ஷன் லைன்ல பம்ப தள்ளற பெஞ்ச மே மாசம் பாஸாகி போயிடற பசங்கள நம்பி விடாதீங்க.

முழு ஆர்டரும் ஒரே தடவ குடுக்காதீங்க. மொதல்ல ஒரு சின்ன வேலை, காசு குடுத்து: ஒரு பிரஷர் டிரான்ஸ்மிட்டர், ஒரு மாட்பஸ் பவர் மீட்டர், ரெண்டையும் படிச்சு சிஎஸ்வில எழுதிக் குடுங்கன்னு. மாட்பஸ்ல ஒரு டெசிமல் நம்பர ரெண்டு ரெஜிஸ்டரா பிரிச்சு அனுப்புவாங்க, வரிசை மாறிப் போச்சுன்னா 230 வோல்ட்டுக்கு பதிலா சம்பந்தமே இல்லாத ஒரு நம்பர் வரும், ரெஜிஸ்டர் நம்பரும் பல மேனுவல்ல ஒண்ணு அதிகமா போட்டிருக்கும். இதெல்லாம் அனுபவம் உள்ளவர் அரை மணி நேரத்துல கண்டுபிடிப்பார். வேலை வாங்கற விதம், போன் எடுக்கற விதம், எழுதி வைக்கற பழக்கம் எல்லாம் இந்தச் சின்ன வேலையிலயே தெரிஞ்சுடும்.

எழுத்துல என்ன இருக்கணும்

இதுதான் நம்ம ஊர்ல ரொம்ப பேர் விடற இடம். "தெரிஞ்சவர்தான், அண்ணன் தம்பி மாதிரி"ன்னு பர்ச்சேஸ் ஆர்டர்ல ஒரு வரி போட்டு முடிச்சிடறாங்க. காசு குடுத்தது நாமதானே, சோர்ஸ் கோடு (திருத்தறதுக்கு வேண்டிய மூல புரோகிராம்) நம்மளுதுதானேன்னு நினைச்சுட்டு இருப்பாங்க. சட்டம் அப்படி சொல்லல. நம்ம 1957 காப்பிரைட் சட்டத்துல கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்பு மாதிரிதான். சம்பளத்துக்கு வேலை பாக்கறவர் எழுதினா பொதுவா முதலாளிக்கு உரிமை, ஆனா வெளி கான்ட்ராக்டர் எழுதினா எழுதினவருக்குத்தான் உரிமை, அவர் எழுத்துல கையெழுத்து போட்டு மாத்திக் குடுத்தாத்தான் உங்களுக்கு வரும். அந்தப் பேப்பர்லயும் எத்தன வருஷம்னு போடலன்னா 5 வருஷம்னுதான் சட்டம் எடுத்துக்கும், எந்த நாட்டுக்குன்னு போடலன்னா இந்தியாவுக்கு மட்டும்னு எடுத்துக்கும். அதனால "காப்பிரைட் காலம் முழுசுக்கும், உலகம் முழுசுக்கும்"னு போட்டு வாங்குங்க, வக்கீல் ஒருத்தர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க. கான்ட்ராக்டர் பக்கமும் நியாயம் பாக்கணும், அவர் பல வருஷமா சேத்து வச்சிருக்கற பொது லைப்ரரிய உங்களுக்கே எழுதிக் குடுன்னு கேக்கறது தப்பு, அதுக்கு யூஸ் பண்ணிக்கற உரிமை போதும்னு பிரிச்சு எழுதுங்க.

சோர்ஸ் குடுக்கறதுன்னா என்னன்னு விவரமா போடுங்க. லேப்வியூல ப்ளாக் டயகிராம (புரோகிராமே அதுலதான் இருக்கு) எடுத்துட்டு வெறும் முன்பக்கத்த மட்டும் விஐ ஃபைலா (லேப்வியூ புரோகிராம் ஃபைல்) குடுக்க முடியும், பாஸ்வேர்ட் போட்டும் பூட்டலாம், ஃபைல் இருக்கேன்னு நீங்க சந்தோஷமா இருப்பீங்க, ஒண்ணும் திருத்த முடியாது. அதனால டயகிராமோட, பாஸ்வேர்ட் இல்லாம, எந்த வெர்ஷன்ல எழுதினதுன்னு குறிச்சு குடுக்கணும்னு போடுங்க. புது வெர்ஷன்ல சேவ் பண்ணினது பழையதுல தொறக்காது. பிஎல்சி, ஹெச்எம்ஐன்னா அப்லோட் பாஸ்வேர்ட். பைத்தான்னா வெர்ஷன் லிஸ்டோட. லைசென்ஸ் எல்லாம் உங்க கம்பெனி மெயில் ஐடில வாங்கணும், கான்ட்ராக்டரோட சொந்த ஜிமெயில்ல இல்ல. இதோட வயரிங் டயகிராம், எந்த சேனல்ல எந்த சென்சார், அதோட ரேஞ்ச் என்னன்னு ஒரு டேபிள், மாட்பஸ் அட்ரஸ் லிஸ்ட். பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒரு காப்பி லேமினேட் பண்ணி ஒட்டிடுங்க.

காசு விஷயத்துல பாதி அட்வான்ஸ், மீதி முடிஞ்சதும்ங்கறது ரெண்டு பேருக்குமே கெட்டது. ஆர்டர் அன்னிக்கு 20, எல்லா சென்சாரும் ஸ்கிரீன்ல வந்ததும் 30, பெஞ்சுல முழு டெஸ்ட் பாஸானதும் 30, சோர்ஸும் டாகுமென்ட்டும் கைக்கு வந்து ஒரு மாசம் ஓடினதும் 20, இப்படிப் பிரிச்சா யாருக்கும் பயம் இல்ல. ஒவ்வொரு கட்டமும் முடிஞ்சதும் இழுக்காம குடுத்துடுங்க. உத்யம் பதிவு பண்ணின சின்ன யூனிட்டுன்னா 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு எம்எஸ்எம்இ சட்டமே இருக்கு. நல்ல ஆள் கிடைக்கலன்னு புலம்பற பாதி கம்பெனிங்க பில்ல ஆறு மாசம் இழுத்தடிக்கறவங்கதான். கொட்டேஷன்ல 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேத்தா வெளியவான்னு கேட்டுக்கங்க, டிடிஎஸ் எந்தப் பிரிவுல பிடிக்கணும்னு ஆடிட்டர்கிட்ட முன்னாடியே கேட்டு அவர்கிட்டயும் சொல்லிடுங்க.

நடுவுல புதுசா ஏதாவது வேணும்னா வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் அனுப்பாதீங்க. என்ன மாத்தணும், எவ்வளவு கூடுதல் காசு, எத்தன நாள் தள்ளும்னு மெயில் போட்டு ரெண்டு பேரும் சரின்னு சொன்னப்புறம்தான் ஆரம்பிக்கணும்.

வாங்கிக்கறப்போ எப்படி செக் பண்றது

பம்ப ஓட்டி கர்வ் வந்ததும் கை குலுக்கிடக் கூடாது. லூப் காலிபிரேட்டர்னு கைக்கு அடக்கமா ஒரு கருவி இருக்கு, வாடகைக்கும் கிடைக்கும். டிரான்ஸ்மிட்டர கழட்டிட்டு அந்த இடத்துல அத மாட்டி 4, 8, 12, 16, 20 மில்லி ஆம்ப் குடுங்க. 10 பார் சேனல்னா ஸ்கிரீன்ல 0, 2.5, 5, 7.5, 10 வரணும். ஏறு வரிசையில ஒரு தடவ, இறங்கு வரிசையில ஒரு தடவ, எழுதிக்கங்க. அப்புறம் வயர கழட்டி விடுங்க. ஸ்கிரீன்ல மைனஸ் 2.5 பார்னு காட்டிட்டு கணக்கு பாட்டுக்கு ஓடிட்டு இருந்தா வாங்கிக்காதீங்க, சிவப்புல "சென்சார் இல்லை"ன்னு வந்து டெஸ்ட் நிக்கணும். டெஸ்ட் நடுவுல யூஎஸ்பி கேபிள பிடுங்குங்க, கம்ப்யூட்டர பட்டன் அமுக்கி ஆஃப் பண்ணுங்க, திரும்ப ஆன் பண்ணினா அதுவரைக்கும் எடுத்த ரீடிங் இருக்கணும். டிஸ்க் நிறைஞ்சா என்ன ஆகும்னு கேளுங்க.

கணக்குக்கு தனியா ஒரு செக். ஒரு பாயின்ட்ல வந்த பிரஷர், ஃப்ளோ, பவர், ஸ்பீட் நாலையும் எடுத்து கால்குலேட்டர்ல கையால போட்டுப் பாருங்க, ஸ்கிரீன்ல இருக்கற ஹெட்டும் எஃபிஷியன்சியும் ஒத்து வரணும். கச்சா ரீடிங் தனியா, கணக்கு போட்ட நம்பர் தனியா ஃபைல்ல இருக்கணும், கச்சா ரீடிங் இல்லன்னா நாளைக்கு கணக்குல தப்பு தெரிஞ்சாலும் பழைய டெஸ்ட திருத்த முடியாது. முடிஞ்சா கோயம்புத்தூர்ல இருக்கற சிட்டார்க் மாதிரி டெஸ்டிங் லேப்ல டெஸ்ட் பண்ணின ஒரு பம்ப தனியா எடுத்து வச்சு அதையே உங்க பெஞ்சுலயும் ஓட்டிப் பாருங்க. அந்தப் பம்ப விக்காம மாஸ்டரா வச்சுக்கிட்டு மாசா மாசம் ஓட்டினா பெஞ்ச் நகருதா இல்லையான்னு காலிபிரேஷன் தேதி வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். வருஷ காலிபிரேஷன (கருவி சரியா காட்டுதான்னு ஒப்பிட்டுப் பாக்கறது) என்ஏபிஎல் (லேபுக்கு அங்கீகாரம் குடுக்கற தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேப்லதான் பண்ணுங்க. சர்ட்டிஃபிகேட் வந்ததும் அதுல இருக்கற திருத்தத்த செட்டிங் ஃபைல்ல போடறது யார் வேலைன்னு இப்பவே ஒரு பேர் எழுதுங்க.

கடைசித் தவணைக்கு முன்னாடி இன்னும் ஒரே ஒரு டெஸ்ட். எதுவும் போடாத ஒரு புது கம்ப்யூட்டர எடுத்து வச்சு, கான்ட்ராக்டர் எழுதிக் குடுத்த டாகுமென்ட்ட மட்டும் பாத்து உங்க ஆளே எல்லாத்தையும் இன்ஸ்டால் பண்ணி பெஞ்ச ஓட்டணும், கான்ட்ராக்டர் பக்கத்துல உக்காந்து வாயத் தொறக்காம பாத்துட்டு இருக்கணும். எங்க தடுமாறினாலும் அந்த இடத்த டாகுமென்ட்ல திருத்தச் சொல்லுங்க, மறுபடி ஆரம்பத்துல இருந்து. ஓடிடுச்சுன்னா அந்த ஃபோல்டர அப்படியே ரெண்டு பென்டிரைவ்ல காப்பி எடுத்து ஒண்ண பேனல்லயும் ஒண்ண ஆபீஸ் பீரோவுலயும் வச்சுட்டு செக்க எழுதிக் குடுத்துடுங்க.